மணிக்கு மஞ்சள் காமாலை

நவம்பர் 6, நாகலூர்
அடைமழை. எங்கள் நாய் மணி, ராத்திரி வைத்த சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீரைக் குடிப்பதும் வாந்தி எடுப்பதுமாக இருக்கிறான். இடுப்பில் கை வைத்தால் முனகல்.

நவம்பர் 7
மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு மஞ்சள். காது மடலின் உள்பக்கம், அடிவயிற்றில் முடியில்லாத இடம், அங்கேயும் மஞ்சள். காப்பிக் களத்து சிமெண்டில் பெய்திருந்த மூத்திரம் வரக்காப்பி நிறம். "கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடு கண்ணு, மனுசனுக்கே கேக்குது" என்றார் பொன்னம்மாக்கா. தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சேலத்தில் ரத்தம் எடுத்தார்கள். பிலிரூபின், எஸ்ஜிபிடி ரெண்டும் ஏறியிருக்கிறது. அது கல்லீரல் சமாச்சாரம். கூடவே கிரியேட்டினினும் ஏறியிருப்பதைப் பார்த்துத்தான் டாக்டர் முகம் மாறியது. "மழைக்காலத்துல கல்லீரலும் கிட்னியும் சேர்ந்து அடிவாங்கினா, முதல் சந்தேகம் எலிக்காய்ச்சல்தாங்க." லெப்டோஸ்பைரா என்கிற பாக்டீரியா எலி மூத்திரத்தில் வெளியேறி, தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். சின்னக் கீறல் போதும், கண், மூக்கு, வாய் வழியாகவும் ஏறிவிடும். உறுதிப்படுத்த ரத்தம் சென்னை மாதவரத்து ஆய்வகத்துக்குப் போகிறது. முடிவுக்குக் காத்திராமல் டிரிப்ஸும் பென்சிலின் வகை ஊசியும் ஆரம்பித்துவிட்டார்.

வருசா வருசம் தடுப்பூசி போடுகிறோமே என்று கேட்டேன். லெப்டோவில் வகை ஏராளம், ஊசிக்குள் இருப்பது சில வகை மட்டும் என்றார்.

நவம்பர் 8
டிரிப்ஸ். வாந்தி நின்றது.

நவம்பர் 10
இது மனிதருக்கும் தொற்றும். அவன் மூத்திரம் பெய்த இடத்தையெல்லாம் கையுறை போட்டு பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினோம். பாப்பாவை அண்ட விடவில்லை. பக்கத்து வீட்டார் நாயை வைத்திருக்கலாமா என்று கேட்கிறார்கள். எலியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை! ஸ்டோர் ரூமில் மிளகு மூட்டைகளை நகர்த்தினால் சுவரோரம் பூராவும் எலிப் புழுக்கை. பொன்னம்மாக்காவோ பித்த வெடிப்புக் காலோடு வெறுங்காலில் களத்துச் சேற்றில் நிற்கிறார். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாலும் போடுவாரா தெரியவில்லை.

நவம்பர் 14
வீட்டுக்கு வந்துவிட்டான், விலா எலும்பு தெரிய. இனி ரெண்டு வாரம் டாக்சிசைக்ளின். கிட்னிக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைத் துடைக்க அதுதான் வேண்டுமாம். நடுவில் நிறுத்தினால் தேறின மாதிரி தெரிந்தாலும் மூத்திரத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கலாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் கக்கிவிடுகிறான், கோழிக்கறிச் சோற்றுக்குள் வைத்தால் இறங்குகிறது.

களத்துக்கு மேற்கே தண்ணீர் தேங்கும் பள்ளத்தை மூடச் சொல்லியிருக்கிறேன். ஒரு லோடு மண் போதும் என்கிறார் மேஸ்திரி. ரெண்டு லோடாவது வேண்டும்.