ராமேஸ்வரத்தோடு நின்றுவிடும் போட் மெயில்

"அக்கா, பாம்பன்ல புதுப் பாலம் தொறந்துட்டாங்க. இனிமே உங்க ஊருக்கு டிரெய்ன்லயே போயிடலாம்!"

2025 ஏப்ரலில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி டி.வி.யைக் காட்டிக் கூவினாள். பாசத்தில் சொன்ன சொல்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இலங்கையின் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்திறங்கியபோது நான் சின்னப் பிள்ளை. மண்டபம் முகாம், பிறகு புழல், கல்யாணத்துக்குப் பின் தண்டையார்பேட்டை. விடியக் காலையில் காசிமேட்டில் பேரம் பேசி வஞ்சிரம் வாங்குவேன். பர்மாக்காரர் கடை அத்தோ என்றால் பிள்ளைகளுக்கு முன்னால் நான் போய் நிற்பேன். வேர் பிடித்துவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். ராத்திரி கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி கூவினால் மட்டும் அம்மப்பா நினைவுக்கு வந்துவிடுவார்.

பெரியம்மாவின் கூறைச் சேலைக்காக மெட்ராஸ் வந்துபோன கதையை அவர் எத்தனை தரம் சொன்னாலும் கேட்போம். ஒரே டிக்கெட், தடித்த அட்டை, அதை வேட்டி மடிப்பில் முடிந்துகொள்வாராம். தலைமன்னார் பியர் வரை எங்கள் கோச்சி, ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே கப்பலேறி தனுஷ்கோடி. கரையில் போட் மெயில் ரயில் காத்து நிற்கும், ஏறினால் எழும்பூர். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு தொடங்கிய ஏற்பாடு அது. அதற்கு முன் தூத்துக்குடி போய்த்தான் கொழும்புக்குக் கப்பல் பிடிக்க வேண்டும்.

எங்கள் தண்டவாளம் ஐந்தரை அடி அகலம், இந்தப் பக்கம் ஒரு மீட்டர்தான். திரும்பி வரும்போது அந்த ஒடுக்கப் பெட்டியில் கூறைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தனுஷ்கோடி வரை எதிர் சீட்டுக்காரரோடு முழங்கால் இடித்துக்கொண்டே வந்தாராம். சேலை கசங்கவில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைக் கடல் ஆட்களோடு கொண்டுபோனது. ஊரும் போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, எண்பதுகளில் போர் வந்ததும் அதுவும் நின்றது. போரில் எங்கள் பக்கத் தண்டவாளமும் அழிந்தது.

என் மனம் ஆறாதது இதில்தான்: இப்போது எல்லாம் இருக்கிறது. 2007இல் ராமேஸ்வரம் பாதையை அகலமாக்கினார்கள், இரண்டு பக்கமும் இன்றைக்கு ஒரே அளவு. தலைமன்னார் வரையிலான பாதையை இந்திய ரயில்வே நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டு, 2015 மார்ச்சில் கோச்சி ஓடத் தொடங்கியது. பாம்பனில் கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே எழும்புகிறது. போட் மெயில் என்ற பெயரைக்கூட இன்னும் யாரும் விடவில்லை. நடுவில் இருப்பது 30 கிலோமீட்டர் போலக் கடல், அதற்கு ஒரு கப்பல் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசந்துறைக்கு 2023இல் கப்பல் விட்டபோது சந்தோஷப்பட்டேன். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அது பெரிய உதவி. மன்னாருக்குப் போக அது சுற்றுவழி.

மாமி செத்த செய்தி வந்ததும் தாள்களைச் சரிசெய்து, மீனம்பாக்கம் போய், கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி ஒரு நாள் முழுக்கக் கோச்சியில் இருந்தேன். போய்ச் சேரும்போது செத்தவீடு முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் மகன் படலையைத் திறந்துவிட்டுக் கேட்டான்: "ராமேஸ்வரம் உந்தா கிடக்கு. ஏன் மச்சாள் இவ்வளவு பிந்தினீங்கள்?"