கதவுக்குக் கீழே எத்தனை ஏக்கர்?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் இருந்து போகிற வாய்க்கால்களை ஒரு தரவுத்தளத்துக்குள் கொண்டுவரச் சொன்னால், எக்செலில் பழகின கை முதலில் பிரதான வாய்க்காலுக்கு ஒரு நிரல், கிளை வாய்க்காலுக்கு ஒரு நிரல், வயல் வாய்க்காலுக்கு ஒரு நிரல் என்று மூன்றை அடுக்கிவிடும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் வாய்க்கால் மூன்று படியோடு நிற்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையே. ஒரு இடத்தில் பிரதான வாய்க்காலில் இருந்தே தண்ணீர் நேராக வயலுக்கு இறங்கும், இன்னொரு இடத்தில் கிளையில் இருந்து கிளை பிரிந்து, அதிலும் ஒன்று பிரிந்து போகும். நான்காவது படி வந்த அன்றைக்குப் புது நிரல், பிறகு எழுதின வினவல் எல்லாவற்றையும் திருத்தும் வேலை.

தேவையே இல்லை. எண், பெயர், தாய் எண், நேரடியாகப் பாயும் ஏக்கர் என்று நாலு நிரல் போதும். தாய் எண் என்பது அதே அட்டவணையில் இருக்கிற இன்னொரு நிரையின் எண்தான். இடதுகரை, வலதுகரைப் பிரதான வாய்க்கால்களுக்குத் தாய் கிடையாது, அங்கே அந்த இடம் வெற்றாக இருக்கும்.

சரி, இனிக் கேள்விக்கு வருவம். சிறுபோகத்துக்கு, அதாவது வறண்ட காலத்து நெற்செய்கைக்கு, குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது, எவ்வளவு விதைக்கலாம் என்று கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். அந்த நேரம் கமக்கார அமைப்பில் இருந்து, தங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற கதவைப் பற்றி வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, எங்கட கதவுக்குக் கீழ மொத்தம் எத்தனை ஏக்கர் வருது?" நிரைகளைப் பொருத்தி இணைக்கிற சாதாரண ஜொயின் இதற்கு உதவாது, எத்தனை படி இறங்கவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே அத்தனை தரம் ஜொயின் எழுதலாம். இதற்குத்தான் தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில், கிடைத்த விடையை வைத்தே திரும்பத் திரும்பத் தேடுகிற 'வித் ரிக்கர்சிவ்' இருக்கிறது. 1999 எஸ்கியூஎல் தரத்திலேயே வந்துவிட்டது, போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 8.4 பதிப்போடு 2009 இல் வந்தது, மைஎஸ்கியூஎல்காரர்தான் 8.0 வரும்வரை, அதாவது 2018 வரை காத்துக்கிடந்தார்கள். ஒராக்கிளில் 'கனெக்ட் பை' என்று தனி வழி அதற்கு எவ்வளவோ முன்பே இருந்தது.

அது வேலை செய்கிற விதம் மிக எளிது. 7 ஆம் எண் வாய்க்காலில் தொடங்குகிறோம் என்று வைப்போம். முதல் சுற்றில் அந்த ஒரு நிரை மட்டும். அடுத்த சுற்றில் தாய் எண் 7 ஆக உள்ளவை, 12 உம் 13 உம். அதற்கடுத்து, தாய் எண் 12 அல்லது 13 ஆக உள்ளவை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் வந்த நிரைகளை மட்டும்தான் பார்க்கும், புதிதாக ஒன்றும் வராத சுற்றில் நின்றுவிடும். கூட்டுத்தொகையை வெளியே வைத்து எடுங்கள், சுற்றுகிற பகுதிக்குள் 'சம்' போட போஸ்ட்கிரஸ் விடாது.

இப்போது 12 ஆம் வாய்க்கால் வயல் எதுவும் இல்லாமல் தண்ணீரைக் கொண்டுபோக மட்டும் இருக்கிறது என்று நினையுங்கள். அதன் ஏக்கர் 0. 'ஏக்கர் 0 ஐ விடக் கூடியவை மட்டும்' என்ற நிபந்தனையைச் சுற்றுகிற பகுதிக்குள் போட்டால் 12 விழுந்துவிடும், அதோடு அதற்குக் கீழே இருக்கிற அத்தனை வயலும் கணக்கில் இருந்து காணாமல் போகும். பிழைச் செய்தியும் வராது, தொகை மட்டும் குறையும், அந்தக் குறைந்த தொகையைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வாசித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே நிபந்தனையை வெளியே வைத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

எல்லாக் கதவுக்கும் ஒரேயடியாகத் தொகை வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஒரு நிரையைக் கொடுக்காமல் எல்லா நிரையையும் கொடுத்து, தொடங்கின எண்ணைக் கூடவே காவிக்கொண்டு போய், கடைசியில் அந்த எண்ணால் 'குரூப் பை' செய்து தனித்தனியாகக் கூட்டலாம். தேடல் வேகமாக நடக்கத் தாய் எண் நிரலுக்கு இன்டெக்ஸ் போட மறக்கவேண்டாம், தாய் எண் அட்டவணையில் உள்ள எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டுப்படுத்துகிற அந்நியச் சாவி வைத்தால் அதுவே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு எந்திரத்தில் வரும், போஸ்ட்கிரஸில் வராது.

அப்புறம் வட்டம். யாரோ தட்டச்சில் 7 இன் தாயை 31 என்று போட்டு, 31 ஏற்கெனவே 7 க்குக் கீழே இருந்தால், தண்ணீர் மேலே ஏறுகிற அதிசயம் நடக்கும். எஸ்கியூஎல் சேர்வர் வழக்கமாக 100 படியோடு நிறுத்திவிடும், மைஎஸ்கியூஎல் 1000 இல். போஸ்ட்கிரஸுக்கு அப்படி ஒரு எல்லையே இல்லை, நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். சுற்றுகளின் விடைகளைச் சேர்க்கிற 'யூனியன் ஆல்' ஐ, ஏற்கெனவே வந்த நிரையை விட்டுவிடுகிற 'யூனியன்' ஆக்கினால் சரி என்பார்கள், ஆனால் படி எண்ணை ஒரு நிரலாக வைத்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நிரை வேறாகத்தான் தெரியும், வட்டம் நிற்காது. போஸ்ட்கிரஸ் 14 ஆம் பதிப்பில் இருந்து வட்டத்தைக் கண்டு நிறுத்த 'சைக்கிள்' என்று தனிச் சொல்லே இருக்கிறது, அதைப் போடுங்கள்.