இரட்டை அம்பு

2023 மார்ச் முதல் வாரம். கோவையில் ஒரு செய்தி மேசையில் எனக்கு இரவுப் பணி. பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி, ஒன்று திருப்பூரில் பீகார்க்காரர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று விளக்கினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்தது. எங்கள் வேலை, வீடியோவிலிருந்து நாலைந்து படங்களை வெட்டி கூகுளில் தேடுவது, கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி எண் எந்த மாநிலம் என்று பார்ப்பது. மறுப்பு போட்டோம். பொய் போன தூரத்தில் கால்வாசிகூட அது போகவில்லை.

அந்த எரிச்சலில்தான், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் பேசக் கூப்பிட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். போலி வீடியோவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் கட்டிங் மாஸ்டர் ஒருவர் எழுந்தார்.

“ஏனுங்க சார், ரெண்டு அம்பு போட்டு வருதுங்களே, அது நம்பலாந்தானுங்களே? அத்தன பேரு அனுப்பியிருக்காங்கல்ல?”

எனக்குப் பேச்சே வரவில்லை. பிள்ளை கடத்தல் வதந்தியால் ஊர் ஊராக ஆட்களை அடித்துக் கொன்ற 2018இல்தான் வாட்ஸ்அப் ‘பார்வேர்டு’ அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாமலும் செய்தது. இரட்டை அம்பு 2019இல் வந்தது. குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது, கொஞ்சம் யோசி என்பதுதான் அதன் பொருள். அவருக்கோ அது அக்மார்க் முத்திரை! அவரைக் குறை சொல்ல முடியுமா? கூட்டம் இருக்கும் கடையில்தானே நாமும் சாப்பிட நுழைகிறோம்.

அதிலிருந்து, வெளிப்படைத்தன்மைக்கு விதி வருகிறது என்றாலே எனக்கு அந்த மாஸ்டர் முகம்தான் நினைவுக்கு வரும். ஏஐ உருவாக்கியதன் மேல் அடையாளம் கட்டாயம் என்று ஒன்றிய அரசு 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டது. படத்தின் பரப்பில் 10 சதவீதம் என்று அளவுகூடச் சொன்னது. 2026 பிப்ரவரியில் வந்த இறுதி விதிகளில் அந்த அளவு இல்லை, தெளிவாகத் தெரிந்தால் போதும். சட்டவிரோதமானதை உத்தரவு வந்த 3 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. அவ்வளவு அவசரத்தில் எந்த சமூக ஊடகக் கம்பெனி உட்கார்ந்து யோசிக்கும்? நீக்கிவிட்டுப் போய்விடும். அடையாளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது என்ன சொல்கிறது என்பதை அந்தக் கட்டிங் டேபிள் பக்கம் போய் யார் சொல்வது? விதி எழுதியவர்கள் வரப் போவதில்லை.

சரி, நானே மறுபடி போனேன். அம்பின் அர்த்தத்தை மட்டும் சொன்னேன், வேறெதுவும் பேசவில்லை. மாஸ்டர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வீடியோவாவது வந்துவிடும், “பாருங்க சார்” என்று.

போன வாரம் வந்தது, ஒரு தலைவர் பேசுவதுபோல் ஒரு வீடியோ. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அம்பே இல்லை. யாரோ போனில் இறக்கி, புதிதாக ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அம்பு போய்விடும். அதை நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

கீழே எழுதியிருந்தார்: “இதுல அம்பு இல்லீங்க சார். இத நம்பலாங்களா?”