வாந்தி வராத ஓங்கரிப்பு: மலையில் பெரிய நாய் வளர்ப்போர் கவனத்திற்கு

பெரிய நாய் ஒன்று திரும்பத் திரும்ப ஓங்கரித்தும் வெள்ளை நுரையையும் எச்சிலையும் தவிர வேறெதுவும் வெளியே வரவில்லையென்றால், அதை அஜீரணம் என்று எண்ணி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரைப்பை காற்றால் உப்பி, தன் அச்சில் முறுக்கிக்கொண்டதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். கோத்தகிரிப் பக்கம் குளிருக்கு ஏற்றவை என்று ஜெர்மன் ஷெப்பர்டையும் செயின்ட் பெர்னார்டையும் கிரேட் டேனையும் விரும்பி வளர்க்கிறோம். ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட இவ்வினங்களைத்தான் இந்நோய் அதிகம் தாக்குகிறது. அவற்றுள்ளும் கிரேட் டேனுக்கே ஆபத்து மிகுதி.

இரைப்பை முறுக்கிக்கொண்டதும் உணவுக்குழாய்ப் பக்கமும் குடல் பக்கமும் அடைபட்டுவிடுவதால், உள்ளிருக்கும் காற்று ஏப்பமாகவும் வெளியேற முடியாது, வாந்தியாகவும் வர முடியாது. உப்பிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரையை நசுக்குகிறது. இதயத்துக்கு வரும் இரத்தம் குறைய, இரத்த அழுத்தம் சரிந்து நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. இதற்கிடையே இரைப்பையின் சுவர் இரத்தமின்றி அழுகத் தொடங்குகிறது, மண்ணீரலும் சேர்ந்து முறுக்கிக்கொள்வதுண்டு. இவை அனைத்தும் சில மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

சென்ற ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு அக்கா என்னை அழைத்தபோது அவர்களுடைய ஜெர்மன் ஷெப்பர்ட் ஓரிடத்தில் நில்லாமல் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. படுக்கும், உடனே எழும், தன் விலாவைத் திரும்பிப் பார்க்கும், முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து ஓங்கரிக்கும். "புல்லைத் தின்னிருக்கும், வாந்தி எடுத்தா சரியாயிடும்" என்று வீட்டுப் பெரியவர் சொன்னார். வயிறு வெளிப்பார்வைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் இடப்பக்கம் கடைசி விலா எலும்பை ஒட்டி விரலால் தட்டியபோது மேளத்தைத் தட்டினாற்போல் ஒலி கேட்டது. உதட்டைத் தூக்கி ஈறை அழுத்திப் பார்த்தேன்; விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பியிருக்க வேண்டும், அது மெதுவாகத்தான் திரும்பியது. மார்புக்கூட்டுக்குள் இரைப்பை மறைந்திருப்பதால் வயிறு வீங்காமலே இந்நோய் முற்றிவிடக்கூடும் என்பதை வளர்ப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

சமவெளியில் இருப்பவருக்கு மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இருக்கலாம். நமக்கோ கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே சுமார் 33 கிலோமீட்டர். மூடுபனியும் மண்சரிவும் போக, குஞ்சப்பனை அருகே யானை சாலையில் நின்றால் அது விலகும்வரை வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். எனவே வண்டி கிளம்பும்போதே ஒருவர் தொலைபேசியில் பேசத் தொடங்கிவிட வேண்டும். இரவில் எக்ஸ்ரே எடுப்பார்களா, மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சைக்கு ஆள் இருக்கிறார்களா என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் போனால், கோயம்புத்தூரில் இடம் மாறி அலைவதைத் தவிர்க்கலாம். மலையிலேயே ஒரு கால்நடை மருத்துவர் கிடைத்தால், முதலில் அவரிடம் நிறுத்தி, குழாய் விட்டோ தடித்த ஊசியைச் செலுத்தியோ காற்றை இறக்கி, முன்னங்காலில் சலைன் ஏற்றிக்கொண்டு இறங்குவது நல்லது. அந்தச் சிறு நிறுத்தம் கீழே போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்துவைக்கும். அக்கா வீட்டு நாய்க்கு அப்படித்தான் செய்தார்கள், அது பிழைத்தது. ஆயினும் காற்று இறங்கியதும் நாய் தெளிவாகத் தெரிகிறதே என்று பாதி வழியில் திரும்பிவிடக் கூடாது; முறுக்கு அவிழ அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

வீட்டில் ஓமத்தண்ணீரோ மோரோ சோடாவோ புகட்டக் கூடாது. அடைபட்ட இரைப்பைக்குள் எதுவும் போகாது, மூச்சுக்குழாயில் இறங்கினால் வேறு ஆபத்து. வயிற்றைப் பிசைவதும் நாமே ஊசி குத்துவதும் வேண்டாம். நடக்க முடியாத நாயைப் போர்வையில் கிடத்தித் தூக்கி, அதற்கு இசைவாக இருக்கும் நிலையிலேயே வண்டியில் படுக்கவிடலாம்.

சிறுத்தைப் பயத்தால் இங்கே பெரும்பாலோர் இரவுச் சோற்றை வைத்த கையோடு நாயைக் கூண்டிலோ பின்கட்டிலோ அடைத்துவிடுகிறோம். அடைப்பது சரியே, ஆனால் நாள் முழுவதற்குமான தீனியை அந்த ஒரே வேளையில் கொட்டுவதும், தின்ற பிறகு அதை யாரும் பார்க்காமலிருப்பதும் எனக்குக் கவலை தருகின்றன. ஒரே வேளை உணவும் அவசரமாக விழுங்குவதும் இந்நோய்க்கு வழிகோலுபவை. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, கடைசி வேளையை மாலையிலேயே கொடுத்தால், நாம் விழித்திருக்கும்போதே அறிகுறி கண்ணில் படும். தட்டை உயரத்தில் வைத்தால் நல்லது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அதற்கு நேர்மாறாக, உயர்த்திய தட்டு ஆபத்தைக் கூட்டுவதையே காட்டியது.

அறுவை சிகிச்சையின்போது முறுக்கை அவிழ்ப்பதோடு நில்லாமல் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். தைக்காமல் விட்ட நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு மீண்டும் வருகிறது. அடுத்த மூன்று நாட்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லும்வரை வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படக் கூடாது. கிரேட் டேன் போன்ற இனத்தை வளர்ப்போர், கருத்தடை அறுவை செய்யும் நாளிலேயே இந்தத் தையலையும் போட்டுவிட முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். தையல் போட்ட நாய்க்கும் இரைப்பை காற்றால் உப்பலாம் என்றாலும், அது முறுக்கிக்கொள்வது மிக அரிது.