பசு நடந்த வழியில் ஒரு காலைச் சவாரி

திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியில் புறப்பட்டு மணிமுத்தாறு, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், அம்பாசமுத்திரம் என்று சுற்றிப் பழையபடி கல்லிடைக்குறிச்சிக்கே வந்து சேர்வதற்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஆகும். மவுண்டன் பைக் வைத்திருப்பவர்களுக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. ஆனாலும் ஜூன் மாதத்தில், கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்ட முதல் சில நாட்களில், விடியும் முன்பே கிளம்பி இந்த வட்டத்தைச் சுற்றி வருவதற்காகவே நான் ஆண்டுதோறும் கோடை விடுமுறையின் கடைசி நாட்களை ஊரில் வைத்துக்கொள்கிறேன்.

முதல் பகுதி, தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் கரை. தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கியதும் இரண்டு டயர்களிலும் காற்றை 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துக்கொண்டேன், அகலமான டயர் சற்று அமுங்கினால்தான் ஈரக் களிமண்ணில் வழுக்காமல் பிடிக்கும். மேற்கு நோக்கிப் போகும்போது வலப்புறம் வயல்கள் படிப்படியாக இறங்கிப்போக, அவற்றுக்கு அப்பால் மருத மரங்களின் வரிசைக்குக் கீழே தாமிரபரணி ஓடுகிறது. நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில்தான் போகிறேன். என்றாலும் கியரை ஒருமுறைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆறு தன் பள்ளத்தைத் தேடி வேகமாக இறங்கிவிடுகிறது, கால்வாயோ மேட்டு வயல்களுக்கும் பாய வேண்டும் என்பதற்காக மிகக் குறைந்த சரிவில் பிடிவாதமாக உயரத்தைக் காத்துக்கொண்டு போகிறது. அதனால் கிழக்கே போகப் போக இரண்டுக்கும் இடைவெளி கூடும், மேற்கே வர வர அது குறையும், அணைக்கட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. முழங்கால்களுக்கு வேலையே இல்லாமல் மைல்கணக்கில் மிதித்தபோதுதான் விளங்கியது.

இந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவர், தமக்குக் கிடைத்த பொன்னை என்ன செய்வது என்று பொதிகையில் அகத்தியரிடம் கேட்டாராம். ஒரு பசுவின் பின்னால் போ, அது நடக்கும் வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விடும் இடத்தில் மடை வை, படுக்கும் இடத்தில் குளம் தோண்டு என்று அகத்தியர் சொன்னாராம். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. மேய்ச்சல் மாடு எந்த மேட்டையும் நேராக ஏறாது. மூச்சு வாங்காத சரிவையே கண்டுபிடித்துச் சுற்றிப் போகும். சைக்கிள் ஓட்டுபவனும் அதையேதான் தேடுகிறான், தண்ணீரும் அதையேதான் தேடுகிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் மூன்றாவது. மேலே கோடைமேலழகியானும் நதியுண்ணியும் இருக்கின்றன. இவற்றை அமைத்தவர்களிடம் இந்த நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அங்குலம் அங்குலமாக அறிந்த கால்கள் இருந்திருக்க வேண்டும்.

கரையை விட்டு மணிமுத்தாறு பக்கம் திரும்பியதும் நிலம் மாறிவிடுகிறது. சரளைக்கல்லும் பாறை முதுகும் கலந்த அந்த ஏற்றத்தில் குலுக்கலைத் தாங்கும் முன் ஃபோர்க்கின் லாக்கை எடுத்துவிட்டு, உடம்பை முன்னால் சாய்த்து, சிறிய கியரில் மெதுவாக ஏறினேன். பாதி ஏற்றத்திலேயே பின்சக்கரம் தொய்ந்துவிட்டது. டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் சீமைக்கருவேல முள் ஒன்று, நுனி மட்டும் மிளகளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. டியூபைக் கழற்றிப் பக்கத்து வாய்க்காலில் முக்கினேன். ஊசிமுனைக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வந்தன. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை காத்திருந்தபோது, மண்வெட்டியோடு மடை பார்க்க வந்த பெரியவர் அருகில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, இந்தப் பக்கம் பூரா முள்ளுதான் கெடக்கும். அங்கன மாட்டுத்தடம் போகுது பாருங்க, அதுல போங்க" என்றார். நான் அவர் காட்டிய தடத்திலேயே ஏறினேன். தூரம் சற்றுக் கூடியது, ஆனால் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டேன்.

மணிமுத்தாறு அணை 118 அடி. 1950-களின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. இதன் பிரதானக் கால்வாய் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் என்று ஆற்றுப்பாசனமே காணாத வறண்ட பூமிக்குப் போகிறது. அணைக்கரைக்குப் பின்னால் மாஞ்சோலை மலை நீலமாக எழுந்து நிற்க, உச்சியில் மட்டும் தென்மேற்குப் பருவமழையின் மேகம் படிந்திருந்தது. கீழே வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே மலையில் மழை பெய்துகொண்டிருப்பதால்தான் இந்த ஆறு கோடையிலும் வற்றுவதில்லை.

அங்கிருந்து ஆற்றைக் கடந்து விக்கிரமசிங்கபுரம் வரை இறக்கம், பிரேக்கில் இரண்டு விரல் வைத்தபடியே போய்விடலாம். சிவஞான போதத்துக்கு உரை எழுதிய சிவஞான முனிவர் பிறந்த ஊர் அது. அதற்கு மேலே பாபநாசம். பாபநாசநாதர் கோயில் படித்துறையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டேன். மலையிலிருந்து வந்த நீர் அந்த நேரத்திலும் குளிர்ந்திருந்தது. ஆனால் பரிகாரம் என்ற பெயரில் மக்கள் அவிழ்த்துவிட்டுப் போகும் பழைய துணிகள் பாறை இடுக்குகளிலெல்லாம் சிக்கி அழுகிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. பல ஊர்களின் குடிநீர் இது. அகத்தியர் பெயரைச் சொல்லிக்கொண்டே இதைச் செய்ய நமக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

கோயிலைத் தாண்டினால் வனத்துறைச் சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். சைக்கிளுக்கு எல்லை அதுதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். திரும்பி அம்பாசமுத்திரம் வரை தார்ச்சாலையில் ஓட்டி, பாலத்தின் மேல் ஆற்றைக் கடந்து ஊருக்குள் நுழைந்தபோது, வீட்டு முற்றங்களில் அப்பளம் காயப்போடத் தொடங்கியிருந்தார்கள்.

கால்வாய்ப் படித்துறையில் சைக்கிளை நிறுத்தி, டயரில் அப்பியிருந்த களிமண்ணைக் கழுவினேன். மண் கரைந்து சேரன்மகாதேவிப் பக்கம் மிதந்து போயிற்று. அடுத்த சவாரி அந்தத் திசையில்தான். பசு படுத்த குளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, கால்வாய் முடியும் இடம் வரை போக வேண்டும்.