எந்தத் தெரு?

வடக்கன்குளம் ஆலயத்துக்குள் போனதும் முழங்காலிடுவதற்கு முன் என் கண் தேடியது ஒரு சுவரைத்தான். அது 1910ஆம் ஆண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. தெரிந்தும் தேடினேன்.

1872இல் எழுந்த ஆலயம். கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து, பலிபீடத்தில் வந்து சேரும். நடுவே சுவர். ஒரு பக்கம் ஒரு சாதியார், மறுபக்கம் மற்றவர்கள். பூசை வைக்கும் குருவானவர் இரு பக்கத்தாருக்கும் தெரிவார். அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. என்ன நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்!

இந்த ஊரில்தான், அந்தச் சுவருக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், 1745 மே 14 அன்று நட்டாலம் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தவர். வேதத்தில் சேர்ந்ததோடு நின்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்களோ என்னவோ. சாதி பாராமல் எல்லோரும் சமம் என்று சொன்னார், அப்படியே பழகவும் செய்தார். 1749இல் சிறை. எருமையின் மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது நண்பகல். மலைக்குப் பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. குடையை விரிக்கவே முடியவில்லை. சுற்றிலும் காற்றாலைகள்.

மறைசாட்சியின் உயிர் பிரிந்த வேளையில் உருண்டு விழுந்து மணிபோல் ஒலித்தது என்று சொல்லப்படும் பாறை அங்கே இருக்கிறது. சிறு கல்லால் தட்டினால் இன்றும் கணீரென்கிறது. தட்டுவதற்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, கையில் செபமாலை.

"பாட்டி, எந்த ஊர்?" என்றேன்.

சொன்னார். என் ஊருக்குப் பக்கம்தான். உடனே அடுத்த கேள்வி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது: எந்தத் தெரு? தெற்கே அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருப் பெயரைச் சொன்னால் மீதி தானாகத் தெரிந்துவிடும். 2022 மே 15 அன்று தேவசகாயம் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் இல்லை. அதற்காக மகிழ்ந்து நண்பர்களிடம் பேசியவன் நான். காலையில் வடக்கன்குளத்தில் நின்று அந்தக் காலத்து மனிதர்களை மனத்துக்குள் திட்டியவனும் நான்தான்.

கேள்வியை விழுங்கினேன். பாட்டி என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்.

அவர் மூன்று முறை தட்டினார். பிறகு அந்தக் கல்லைக் கீழே வைக்காமல், "இந்தாரும் தம்பி" என்று என் கையிலேயே தந்தார். அவர் பிடித்திருந்த சூடு அதில் அப்படியே இருந்தது.