வாசல் விளக்குக்கு ஒரு பெட்டி

செப்டம்பர் 14, ஞாயிறு

நாகப்பட்டினத்தில் ஐப்பசி பிறப்பதற்குள் இந்த வேலையை முடித்தாக வேண்டும். சாரல் அடித்தாலே வீடு முழுவதும் இருண்டுவிடுகிறது. மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு இருந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி, விழுகிறது, தூக்கிவிட்டாலும் நிற்பதில்லை. மறுநாள் வெயில் ஏறிச் சுவர் காய்ந்ததும் சமர்த்தாக நிற்கிறது. போன ஆண்டு பார்க்க வந்த ஒருவர், அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருவதாகச் சொன்னார். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வாசல் விளக்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் அதன் சுவிட்சை அணைத்து வைத்தாலும் விழுகிறதே என்கிறார் அம்மா. சுவிட்ச் துண்டிப்பது மின்சாரம் வரும் பேஸ் கம்பியை மட்டும்தான். அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி எப்போதும் இணைந்தே கிடக்கிறது. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்றுதான் அந்தக் கருவி பார்க்கிறது. நியூட்ரல் ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்விசிறிக்குப் போய்த் திரும்புவதில் ஒரு பங்கு சுவர் வழியே மண்ணுக்குப் போய்விடும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் கருவி துண்டித்துவிடும். அது தன் வேலையைத்தான் செய்கிறது.

செப்டம்பர் 20, சனி

தெருக்கோடி எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு விளக்கைக் கழற்றினோம். திருகுகள் துருவேறி, தலை உதிர்ந்து, சுவரோடு ஒன்றாகிவிட்டிருந்தன. பின்னால் வட்டமான பழைய மரக்கட்டை. அதற்கும் பின்னால் செங்கல்லைக் கொத்திய ஒரு பொந்து. பெட்டி என்று எதுவுமே இல்லை. முறுக்கிய கம்பிகளை டேப் சுற்றிப் பொந்துக்குள் திணித்திருக்கிறார்கள். டேப்பின் பசை உருகி வழிந்து, நுனி பிரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. மீதி இடத்தில் குளவி கட்டிய மண்கூடு. அந்த மண் ஈரத்தை உறிஞ்சி, கம்பியின் மேலேயே அப்பி வைத்திருக்கிறது.

"முப்பது வருடமாக எல்லா வீட்டிலும் இப்படித்தான், தம்பி" என்றார் அண்ணன். அதுதான் பயமாக இருக்கிறது என்றேன். சிரித்தார்.

இன்னொன்றும் தெரிந்தது: சுவருக்குள் கம்பி ஓடும் குழாயில் இரண்டே கம்பிகள். புதிய விளக்கு அலுமினிய உடம்பு. எர்த் இல்லாமல் அதை மாட்டக்கூடாது. பழைய கம்பிகளை உருவும்போதே 1.5 சதுர மில்லிமீட்டரில் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும் சேர்த்துக் கட்டி இழுத்துவிட்டார். கைத்தேர்ச்சி என்றால் அதுதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கடையில் வாங்கியவை: நான்கு அங்குலச் சதுர பி.வி.சி. பெட்டி, மூடியில் ரப்பர் வளையம், தூசி-தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐ.பி.65. ஆறு என்றால் தூசி புகாது. ஐந்து என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்டு, கம்பிகளை இணைக்கும் கனெக்டர், இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை. திருகு மட்டும் துருப்பிடிக்காத எஃகு. கடல் காற்றில் சாதாரணத் திருகு என்ன ஆகும் என்பதை நேற்றே பார்த்தாயிற்று.

பெட்டியின் முதுகில் துளையிட்டு, சுவரிலிருந்து நீளும் குழாய் முனை உள்ளே வருமாறு பொருத்தினோம். சுவரைத் துளைக்கையில் முதலில் சாம்பல் தூள் வந்தது. அது வெறும் பூச்சு. சிவப்புத் தூள் வந்த பிறகுதான் செங்கல். உப்பேறிப் பொருமிய பூச்சில் திருகைப் பிடிக்கும் பிளக்கை அடித்தால் பெட்டி கையோடு வந்துவிடும். ஆகவே சிவப்பு வந்த பிறகும் ஓர் அங்குலம் உள்ளே விட்டார். ஒரு துளை மட்டும் செங்கல் இடுக்கில் விழுந்து பிளக் சுழன்றது. பெட்டியைச் சற்றே நகர்த்திப் புதிதாகத் துளைத்தோம்.

சிலிக்கான் பூசும்போதுதான் வாக்குவாதம். சுற்றிலும் பூசிவிடலாம் என்றார் அண்ணன். மேலேயும் இரண்டு பக்கமும் போதும், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும் என்றேன் நான். சுவர் வழியே இறங்கும் ஈரம் எப்படியும் பெட்டியின் முதுகுக்கு வரும். நான்கு பக்கமும் அடைத்தால் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். குழாய் நுழையும் துளையைச் சுற்றி மட்டும் முழுதாக அடைத்தோம். விளக்கு பெட்டிக்குக் கீழே. அதற்குப் போகும் கேபிள் பெட்டியின் அடியிலிருந்து கிளாண்டு வழியாக இறங்கி, ஒரு வளைவு வளைந்து, மேலேறி விளக்குக்குள் நுழைகிறது. வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். உள்ளே டேப் கிடையாது, கனெக்டர்தான். மூடியின் நான்கு திருகுகளையும் குறுக்குக்குறுக்காக இறுக்கினோம். ஒரு மூலையை முதலில் இறுக்கினால் எதிர்மூலையில் ரப்பர் தூக்கிக்கொள்ளும்.

அக்டோபர் 19, ஞாயிறு

இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. கருவி விழவில்லை. காலையில் மெயினை அணைத்து மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

அம்மாவுக்கு வேறு குறை. விளக்கின் வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசல் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டதாம், பெருக்கி மாளவில்லையாம். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் ஒரு பல்பு வாங்க வேண்டும். பின்கட்டு விளக்கும் அதே மரக்கட்டைதான். மழை விட்டதும் வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்; அதுவரை அந்த இணைப்பைத் துண்டித்தே வைத்திருக்கிறோம்.